பச்சையாவே செத்துப்போன செடி: சென்னை பால்கனியில் ஒரு ரோஸ்மேரி போன்சாய்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல கடைசியா "அடுத்த வாரம் செடி பத்திப் பேசலாம்"னு சொல்லிட்டுப் போனேன். நிறைய பேர் "என்ன ப்ரோ, கோடிங் எல்லாம் விட்டாச்சா"னு கேட்டிருந்தீங்க. விடல. ஆனா ஒரு ப்ரொடக்‌ஷன் சர்வர் டவுன் ஆனப்போ கூட நான் இவ்வளவு குற்ற உணர்ச்சியோட தூங்கினது இல்ல. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். நடுவுல ரோஸ்மேரியைப் போன்சாயா எப்படி வளர்க்கிறதுங்கிறதையும் முழுசா சொல்லிடறேன்.

ரோஸ்மேரினு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்கு முடிதான் ஞாபகம் வரும். ரோஸ்மேரி தண்ணி, ரோஸ்மேரி எண்ணெய், ரீல்ஸ் முழுக்க அதான். முடி வளருமா வளராதானு நான் சொல்ல மாட்டேன். என் நெத்தியப் பார்த்தவங்களுக்கு நான் அந்த விஷயத்துல நிபுணர் இல்லைனு தெரியும்.

முதல்ல செடியைத் தெரிஞ்சுக்குவோம். ரோஸ்மேரியோட சொந்த ஊர் மத்தியதரைக்கடல் ஓரம். கல்லும் சுண்ணாம்பும் நிறைஞ்ச மண், நல்ல வெயில், கடல் காத்து, கோடையில மழையே கிடையாது. நம்ம துளசி, புதினா, ஓமவல்லி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். லத்தீன்ல அந்தப் பேருக்கு 'கடல் பனித்துளி'னு அர்த்தம் சொல்வாங்க. ரொம்ப காலமா தாவரவியல்ல இதுக்குத் தனிப் பேரினம் இருந்தது. 2017ல ஆராய்ச்சியாளர்கள் இதைச் சால்வியா பேரினத்துக்குள்ள சேர்த்துட்டாங்க. இப்போ அதிகாரப்பூர்வமா சால்வியா ரோஸ்மரினஸ். நம்ம ஊர்ல நீலகிரியில இதைப் பயிராவே போடுறாங்க. அங்க இருந்துதான் என் கதையும் ஆரம்பிக்குது.

கோத்தகிரி அண்ணா

2022. எனக்கு அது முதல் வேலை. எங்க டீம்ல டெஸ்டிங் பார்த்துக்கிட்டிருந்த ஒரு அண்ணா. சொந்த ஊர் கோத்தகிரி. நான் எழுதின கோடுல அவர் கண்டுபிடிச்ச பக்ஸை எண்ணினா ஒரு தனி எபிசோடு போடலாம். ஆனா ஒரு தடவை கூட எல்லார் முன்னாடியும் சொன்னது கிடையாது. டீ குடிக்கக் கூப்பிட்டுப் போய், "தம்பி, அந்த லாகின் பக்கத்தை இன்னொரு வாட்டி பாரு"னு மட்டும் சொல்வார்.

அவர் மேசைக்குப் பின்னாடி ஜன்னல் ஓரத்துல ஒரு ரோஸ்மேரி இருக்கும். வாரக்கடைசி ஆனா வீட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவார், திங்கக்கிழமை திரும்பி வரும். ஆறு வருஷச் செடி. அடிமரம் என் கட்டைவிரலை விடத் தடிமன். பட்டை உரிஞ்சு உரிஞ்சு, பார்க்க நூறு வயசு மரம் மாதிரி இருக்கும். ரோஸ்மேரியோட பெரிய அழகே அதுதான். ஆலமரமோ அரசமரமோ போன்சாயில வயசான தோற்றத்துக்கு வர ரொம்ப நாள் எடுக்கும். ரோஸ்மேரி நாலஞ்சு வருஷத்துலயே கிழவன் மாதிரி ஆயிடும். இலையும் ஊசி மாதிரி சின்னது. அதனால ஒரு அடி உயரச் செடி கூடப் பெரிய மரத்தைத் தூரத்துல இருந்து பார்க்கிற மாதிரி தெரியும்.

அந்த வருஷம் அவர் வேலையை விட்டுட்டு ஊருக்கே திரும்பிப் போனார். அப்பாவுக்கு உடம்பு முடியல. போற அன்னைக்குச் செடியைத் தூக்கி என் மேசையில வெச்சார். "ஊர்ல எனக்கு நூறு ரோஸ்மேரி இருக்கு. இது சென்னைக்குப் பழகினது. நீ வெச்சுக்கோ. அவசரப்படாதே" அப்படின்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியா கேட்கல.

ஒரே நாளில் மூணு மேஜர் சேஞ்ச்

மே மாசம். கத்திரி வெயில். ஞாயித்துக்கிழமை. நான் அதுக்கு முந்தின ராத்திரி நாலு மணி நேரம் போன்சாய் வீடியோ பார்த்திருக்கேன். இப்போ நான் நிபுணர்.

என்ன பண்ணேன்னு வரிசையா சொல்றேன், நீங்க பண்ணிடாதீங்க. ஒண்ணு, ஆழமான மண்தொட்டியில இருந்து செடியை எடுத்து, வேர்ல இருந்த மண் மொத்தத்தையும் குழாய்த் தண்ணியில கழுவினேன். ரெண்டு, பாதி வேரை வெட்டினேன். மூணு, மேல கிளைகளையும் "ஷேப்" வர்றதுக்காக வெட்டினேன், அதுல சிலதை இலையே இல்லாத பழைய கட்டை வரைக்கும். அப்புறம் மிச்சக் கிளைக்குக் கம்பி சுத்தி வளைச்சேன். கடைசியா ரெண்டு இஞ்ச் உயரத் தட்டுல, நர்சரியில வாங்கின தேங்காய்நார் கலவையைக் கொட்டி நட்டேன். போட்டோ எடுத்தேன். ஸ்டோரி போட்டேன். அண்ணா ஒரு ஹார்ட் போட்டார்.

வேலையில, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன சேஞ்ச் தள்ளவே ஆயிரம் தடவை யோசிப்போம். நான் இங்க ஒரே நாள்ல மூணு மேஜர் சேஞ்ச் தள்ளியிருக்கேன், ரோல்பேக்கே இல்லாம.

ஆனா செடி நல்லா இருந்தது. ஒரு வாரம் ஆச்சு, பச்சை. ரெண்டு வாரம், பச்சை. தினமும் காலையில தண்ணி ஊத்தினேன். அண்ணா மெசேஜ் பண்ணுவார், "எப்படி இருக்கு?" "சூப்பரா இருக்குண்ணா."

மூணாவது வாரக் கடைசியில ஒரு கிளையைத் தொட்டேன். பச்சையா இருந்த இலை எல்லாம் சரசரனு கொட்டிடுச்சு. நகத்தால பட்டையைச் சுரண்டினேன். உள்ள பழுப்பு. வேற இடத்துல சுரண்டினேன். பழுப்பு. அடிமரம் வரைக்கும் பழுப்பு.

இதுதான் இந்த எபிசோடுல நீங்க எடுத்துட்டுப் போகவேண்டிய முதல் விஷயம். ரோஸ்மேரி வாடாது. துளசி தண்ணி இல்லைன்னா தலையைத் தொங்கப்போட்டுக் காட்டும், ஊத்தினா எழுந்திரிச்சிடும். ரோஸ்மேரி இலை தோல் மாதிரி விறைப்பானது, எண்ணெய் நிறைஞ்சது. உள்ள செத்தாலும் இலை நிறம் மாறாம, நின்ன இடத்துலயே காயும். டாஷ்போர்டுல எல்லாம் பச்சையா இருக்கும், சர்வர் செத்து ரெண்டு வாரம் ஆகியிருக்கும்.

அதனால கண்ணை நம்பாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை கிளை நுனியை விரலால மெதுவா வளைச்சுப் பாருங்க. உயிரோட இருந்தா நுனி வளையும், இலை மெத்துனு இருக்கும், வாசனை கையில ஒட்டும். மொறுமொறுனு இருந்தா ஏதோ தப்பு. சந்தேகமா இருந்தா நகத்தால துளி சுரண்டிப் பாருங்க. பட்டைக்குக் கீழ ஈரப் பச்சை இருக்கணும்.

ஏன் செத்தது

பின்னாடி உட்கார்ந்து ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதினேன். நிஜமாவே எழுதினேன், நோட்புக்ல இருக்கு.

முதல் காரணம் தட்டு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்துக்கோங்க. நல்லா நனைச்சு, தட்டையா படுக்கவெச்சுப் பிடிங்க. தண்ணி சொட்டுறது நிக்கிற வரை பொறுங்க. இப்போ அதையே செங்குத்தா நிமிர்த்துங்க. திரும்பச் சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணிதான். மண்ணுலயும் இப்படித்தான். எந்தத் தொட்டியா இருந்தாலும் அடியில ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணி வடியாம தங்கும். அந்த உயரம் மண்ணோட தன்மையைப் பொறுத்தது, தொட்டியோட ஆழத்தைப் பொறுத்தது இல்ல. எட்டு இஞ்ச் தொட்டியில அடி ஒரு இஞ்ச் சொதசொதனு இருந்தா மேல ஏழு இஞ்ச் வேருக்குக் காத்து கிடைக்கும். ரெண்டு இஞ்ச் தட்டுல அதே ஒரு இஞ்ச் போனா? பாதி வேர் தண்ணிக்குள்ள. அதுலயும் நான் போட்டது தண்ணியை விடவே விடாத தேங்காய்நார். வெட்டின வேர், காத்தே இல்லாத ஈரம், சென்னை மே மாசச் சூடு. அழுகாம என்ன பண்ணும்?

ரெண்டாவது காரணம் வேர். ரோஸ்மேரிக்கு வேர்ல கை வெச்சாலே பிடிக்காது. மொத்த மண்ணையும் கழுவவே கூடாது. மூணாவது, பழைய கட்டை. இலையே இல்லாத பழுப்புக் கட்டை வரைக்கும் வெட்டினா, அங்க இருந்து புதுத் துளிர் பெரும்பாலும் வராது. கறிவேப்பிலையை மொட்டையா வெட்டினாலும் துளிர்க்கும், அதை மனசுல வெச்சு இங்க கத்தரி எடுக்காதீங்க. எந்தக் கிளையை வெட்டினாலும் அதுல கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கணும்.

இது மூணுல ஒண்ணு மட்டும் பண்ணியிருந்தா அது பிழைச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

ஒரு பொய், ஒரு போன் கால்

செடி செத்ததுக்கு அப்புறமும் அண்ணா மூணு தடவை கேட்டார். மூணு தடவையும் "நல்லா இருக்குண்ணா"னு சொன்னேன். ஒரு தடவை பழைய போட்டோவையே அனுப்பினேன். இதைச் சொல்ல இப்பவும் வெட்கமா இருக்கு. அவர் அங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டிருந்தார். நல்ல செய்தி ஒண்ணாவது கேட்கட்டும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உண்மை என்னன்னா, எனக்குப் பயம். என்னோட பக்ஸை அத்தனை பக்குவமா சொன்ன மனுஷன்கிட்ட, அவர் ஆறு வருஷம் வளர்த்ததை மூணு வாரத்துல கொன்னுட்டேன்னு எப்படிச் சொல்றது?

ஒரு ராத்திரி போன் பண்ணிச் சொல்லிட்டேன். போட்டோ பொய்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெட்டின குச்சியெல்லாம் என்னடா பண்ணே?"

எனக்குப் புரியல. குப்பையில போட்டிருப்பேன்னு சொல்ல வந்தேன். அப்போதான் அம்மா ஞாபகம் வந்தாங்க. அந்த ஞாயித்துக்கிழமை அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. நான் வெட்டிப் போட்டதை எல்லாம் பொறுக்கி எடுத்து, தலைக்கு எண்ணெய் காய்ச்ச வெச்சுக்கிட்டாங்க. மிச்சம் ஆறு குச்சியைக் கிச்சன் ஜன்னல்ல ஒரு டம்ளர் தண்ணியில சொருகி வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போன்ல, "டம்ளர் தண்ணியை மாத்து"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நானும் ஏதோ கடமைக்கு மாத்திக்கிட்டிருந்தேன்.

போனைக் காதுல வெச்சுக்கிட்டே கிச்சனுக்கு ஓடினேன். நாலு கருத்துப்போயிருந்தது. ரெண்டுல, அடியில வெள்ளை நூல் மாதிரி வேர்.

"ரெண்டுல வேர் இருக்குண்ணா."

"அப்போ அது சாகல. போய்த் தூங்கு" அப்படின்னார்.

இனி, எப்படி வளர்க்கிறது

சரி, இப்போ நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா. விதை வேண்டாம். முளைக்க ரொம்ப நாள் ஆகும், பாதி முளைக்காது. நர்சரியில செடியா வாங்குங்க, இல்ல குச்சி வெச்சு ஆரம்பிங்க. நாலு இஞ்ச் நீளத்துக்கு இளசான நுனி, ஒரு கணுவுக்குக் கீழ வெட்டணும். அடிப் பாதி இலையை உருவிடுங்க. தண்ணியில வெச்சா ரெண்டு நாளுக்கு ஒரு தடவை மாத்துங்க. நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். மூணுல இருந்து ஆறு வாரம். எப்பவும் தேவைக்கு மேல வைங்க. எனக்கு ஆறுல ரெண்டு.

மண். இதுதான் எல்லாம். நான் போடுறது: மூணு பங்கு கரடுமுரடான பொருள், ஒரு பங்கு சலிச்ச மண்புழு உரம். கரடுமுரடுன்னா உடைச்ச செங்கல், பெர்லைட், கழுவின பருமணல். மிளகு சைஸ் இருந்தா நல்லது. தூளைக் கண்டிப்பா சலிச்சு எடுத்திடுங்க, தூள்தான் ஓட்டையை அடைக்கும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. தண்ணி ஊத்தினா சில நொடியில கீழ ஓட்டை வழியா வரணும். மேல குளம் கட்டி நின்னா மண் தப்பு.

தண்ணி. "ரோஸ்மேரிக்குத் தண்ணியே வேண்டாம்"னு சொல்வாங்க. தரையில நட்ட செடிக்கு அது சரி, வேர் தேடிப் போகும். சின்னத் தொட்டியில எங்க தேடும்? ஒரே ஒரு தடவை முழுசா காய்ஞ்சா போதும், கதை முடிஞ்சது. அழுகினாலும் சாகும், காய்ஞ்சாலும் சாகும். அதனால கடிகாரம் பார்த்து ஊத்தாதீங்க. ஒரு மூங்கில் குச்சியை மண்ணுல சொருகி வைங்க. எடுத்துப் பார்த்தா மேல காய்ஞ்சு, அடியில லேசா ஈரம் இருக்கணும். அந்த நேரத்துல, அடியில வழியுற வரை ஊத்துங்க. கோடையில காலையும் சாயங்காலமும் குச்சியைப் பாருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா மண் மேல வெள்ளையா படியும். மழை பெய்யும்போது ஒரு நாள் வெளிய வெச்சு நல்லா அலசி விடுங்க.

வெயில். குறைஞ்சது ஆறு மணி நேரம். இது ஹால்ல டிவி பக்கத்துல வைக்கிற செடி இல்ல. என் பால்கனி கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், மத்தியானம் நிழல். மே மாசத்துக்கு அது வரம். வெயில் ஒரு பக்கம்னா, சென்னையோட நிஜப் பிரச்சனை புழுக்கம். காத்தோட்டம் இல்லைன்னா இலையில வெள்ளையா பவுடர் மாதிரி பூஞ்சை வரும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை நேரடியா விழாத, ஆனா காத்து வர்ற இடத்துல வைங்க. மாவுப்பூச்சி, சிலந்திப்பேன் வந்தா, முதல்ல தண்ணியை வேகமா பீச்சிக் கழுவுங்க, அப்புறம் வேப்பெண்ணெய் கரைசல். உரம் ரொம்பக் கொஞ்சம் போதும். நிறைய போட்டா நீளமா, சோகையா வளரும்.

இப்போ போன்சாய். முதல் வருஷம் எதுவுமே பண்ணாதீங்க. ஆறு இஞ்ச் தொட்டியில வளர விடுங்க. அடிமரம் தடிக்கணும்னா மேல இலை நிறைய வேணும், வேற குறுக்கு வழி கிடையாது. நுனியை மட்டும் அப்பப்போ கிள்ளுங்க. ஒரு நுனி கிள்ளினா கீழ இருக்கிற கணுவுல ரெண்டு வரும். கிள்ளினதை உருளைக்கிழங்கு வறுவல்ல போடுங்க, மருந்து அடிக்காத செடின்னா.

ரெண்டாவது வருஷம், எது முதன்மைத் தண்டுனு முடிவு பண்ணிட்டுக் கம்பி. அலுமினியக் கம்பி, ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர். இளங்கிளைக்கு மட்டும். முத்தின கட்டை வளையாது, டப்புனு ஒடியும். தண்ணி ஊத்தின உடனே கம்பி கட்டாதீங்க. அப்போ கிளை நீர் ஏறி விறைப்பா இருக்கும், சீக்கிரம் ஒடியும். ஊத்துறதுக்கு முன்னாடி கட்டுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கம்பி பட்டையைக் கடிக்குதானு பாருங்க. கடிச்சா வெட்டி எடுங்க, சுத்தைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க.

மூணாவது வருஷம் தொட்டியைச் சின்னதாக்கலாம், படிப்படியா. ஆறு இஞ்ச்ல இருந்து நாலு, நாலுல இருந்து மூணு. சென்னைக்கு ஏத்த நேரம் மழை முடிஞ்சு குளிர் இருக்கிற டிசம்பர் கடைசி, ஜனவரி. ஒரு தடவையில மூணுல ஒரு பங்கு வேருக்கு மேல தொடாதீங்க. பழைய மண்ணுல பாதியாவது வேரோட இருக்கட்டும். அந்த வருஷம் மேல பெரிய வெட்டு வேண்டாம், கம்பியும் வேண்டாம். ரெண்டு வாரம் நிழல். அப்புறம், வேர்ல கை வைக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆறு குச்சி வெட்டி டம்ளர்ல போடுங்க. பேக்கப் எடுக்காம மைக்ரேஷன் பண்ணக்கூடாது. அம்மாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

ஒரு கிளை மட்டும் காய்ஞ்சா பதறாதீங்க. ரோஸ்மேரியில பெரும்பாலும் ஒரு வேர் போனா, அதுக்கு நேர் மேல இருக்கிற கிளைதான் போகும், மத்தது பிழைக்கும். அந்தக் காய்ஞ்ச கட்டையை அப்படியே பட்டை உரிச்சு விடலாம். போன்சாய்ல அதையும் அழகாத்தான் பார்ப்பாங்க.

ரெண்டு செடி

அந்த ரெண்டு குச்சிக்கும் இப்போ மூணு வயசு தாண்டியாச்சு. பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன். பட்டை இப்போதான் உரிய ஆரம்பிச்சிருக்கு. போன குளிர்காலத்துல ஒண்ணுல நீலமா நாலு பூ பூத்தது. போட்டோ எடுத்து அண்ணாவுக்கு அனுப்பினேன், கீழ அன்னைக்குத் தேதி போட்ட பேப்பரோட. "நம்புறேன்டா"னு ரிப்ளை வந்தது.

அதுக்கப்புறம் ஒரு செடியை மடியில வெச்சுக்கிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் போய், அங்க இருந்து பஸ்ல கோத்தகிரி ஏறினேன். அவர் அப்பா அதுக்கு முந்தின வருஷமே தவறிட்டார். அப்பவும் நான் போகல, லீவு கிடைக்கலனு சொன்னேன். வீட்டு வாசல்ல அவர் சொன்ன மாதிரியே வரிசையா ரோஸ்மேரி. என் செடி அதுங்க பக்கத்துல நோஞ்சான் மாதிரி இருந்தது. அண்ணா அதைக் கையில வாங்கி, ஒரு வார்த்தை பேசாம, முதல்ல நுனியை வளைச்சுப் பார்த்தார். அப்புறம் மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"மண்ணு சரியா இருக்கு. உள்ள வா, டீ போடுறேன்."

அவ்வளவுதான். அந்தச் செடி இப்போ அங்க இருக்கு. இன்னொண்ணு இதோ, நான் இதை ரெக்கார்ட் பண்ணும்போது பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. காலையில நுனி வளைச்சுப் பார்த்தேன், வளைஞ்சது.

நீங்க யாருக்காவது "நல்லா இருக்கு"னு சொல்லிவெச்சிருக்கிற ஒரு செத்த செடி இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு போன் பண்ணிடுங்க. அடுத்த வாரம் திரும்ப டெக் பக்கம் வந்திடறேன், சத்தியமா. வரட்டுமா மக்களே.